கடலடியில் ஒரு சாண்ட்விச்

கேள்வி: ஆழ்கடலில் வாழும் நுண்ணுயிர்களை விஞ்ஞானிகள் எப்படி ஆராய்கிறார்கள்?

பதில்: ஒரு பெரிய துப்பு சாப்பாட்டில்தான் கிடைத்தது! 1968-இல் அமெரிக்காவின் 'ஆல்வின்' நீர்மூழ்கி, கம்பி அறுந்து அட்லாண்டிக்கில் சுமார் 1,500 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். மதியத்துக்குக் கட்டிவந்த சாண்ட்விச் தப்பவில்லை. பத்து மாதம் கழித்து மேலே தூக்கினால், ரொட்டி ஊறியிருந்ததே தவிர ஊசிப்போகவில்லை. அதையே ஃப்ரிட்ஜில் வைத்தார்கள். சில வாரங்களில் கெட்டுவிட்டது. (உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜை இனித் திட்டாதீர்கள்.)

ஹோல்கர் யானாஷ் என்ற நுண்ணுயிரியலாளர் விடவில்லை. உணவுப்பொருள்களைக் குப்பிகளில் அடைத்துக் கடலடியிலேயே மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தார். அந்தக் குளிரிலும் அழுத்தத்திலும் நுண்ணுயிர்கள் மிக மிக நிதானமாகத்தான் சாப்பிடுகின்றன என்று தெரிந்தது. மேலே கொண்டுவந்தால் அழுத்தம் போய்விடுமே? கடலின் அழுத்தத்தையும் சேர்த்து அடைத்துவரும் கலன்களைச் செய்தார்கள்.

நிதானத்தில் இவற்றையும் மிஞ்சியவை உண்டு. தென் பசிபிக் கடலடியில் 10 கோடி ஆண்டுப் பழைய படிவிலிருந்து எடுத்த நுண்ணுயிர்களுக்கு, ஜப்பானிய விஞ்ஞானிகள் அடையாளமிட்ட கார்பனும் நைட்ரஜனும் ஊட்டினார்கள். யார் தின்றார்கள் என்று அந்த அடையாளமே காட்டிக்கொடுத்துவிடும். முடிவு 2020-இல் வெளியானது: பெரும்பாலானவை தின்றன, பெருகவும் செய்தன. ஏகாதசிக்கு ஒருவேளை பட்டினி கிடந்து ஊருக்கே சொல்பவர்கள் கவனிக்க!