மாமியாருக்கு விசா

லண்டனில் குடியேறிய முஸ்லிம் வீட்டில் புருஷன் பொண்டாட்டி தகராறு வந்தால் எந்த ஜமாஅத் கூடும்?
– வாசகர், மல்லாங்கிணறு

லண்டனின் லெய்ட்டன் பகுதியில் 1982 முதல் இஸ்லாமிய ஷரீஅத் கவுன்சில் இருக்கிறது. விவாகரத்து கேட்டு மனுவோடு வருபவர்களில் பெரும்பாலோர் மனைவிமார். கணவனுக்கு எதற்கு அலைச்சல்? வீட்டிலிருந்தே தலாக் சொல்லிவிடலாமே!

வேடிக்கை அதோடு சரி. அங்கேயே நிக்காஹ் மட்டும் முடித்து, அரசாங்கத்தில் பதியாத ஜோடியை இங்கிலாந்துச் சட்டம் தம்பதியாகவே பார்க்காது. பிரியும்போது ஜீவனாம்சம் கேட்கப் போனால்தான் பல பெண்களுக்கு இது தெரிகிறது. நிக்காஹோடு பதிவையும் முடியுங்கள் என்று அங்கே அரசு அமைத்த ஆய்வுக் குழு 2018-ல்தான் சொன்னது. தமிழ்நாட்டில் எல்லா மதத்தாருக்கும் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009-லேயே வந்துவிட்டது. லண்டனுக்கு நீங்கள் வகுப்பு எடுக்கலாம்.

ராத்திரியே வராத ஊரில் நோன்பு திறப்பது எப்போது?

நார்வேயின் ட்ரோம்சோவில் மே கடைசி முதல் ஜூலை கடைசி வரை சூரியன் மறையாது. அந்த நாட்களில் ரமலான் வந்தால் அங்கே மக்கா நேரத்தைப் பார்த்துத் திறப்பார்கள். அருப்புக்கோட்டை வெயில் பரவாயில்லை, ஆறரை மணிக்காவது வீட்டுக்குப் போகிறது.

மாமியார் தொல்லைக்கு மார்க்கத்தில் வழி உண்டா?

உண்டு. நம் பக்கத்து ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி சட்டத்தில், கணவன் வீட்டார் இல்லாத தனி இருப்பிடம் கேட்க மனைவிக்கு உரிமை இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் யாரோ பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். லண்டன் மருமகளுக்கு அந்தக் கவலையும் இல்லை. மாமியாரே விசா வாங்கித்தான் வர வேண்டும்!