டிரெயினிங் சார்

ஆந்திராவின் நாகலாபுரம் பஸ் நிறுத்தத்தில் விடிவதற்கு முன்பே ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனி வண்டிக்காக ஒரு கூட்டம் நிற்கும். அதில் டிரெயினிங் சாரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர் கையில் டிபன் பாக்ஸ். இவர் கையில் சுருட்டிய சார்ட் பேப்பர். தெலுங்கில் ஆரம்பித்து, தமிழில் மூச்சு வாங்கி, இங்கிலீஷில் முடிப்பார். மூன்றும் தெரிந்தவருக்கும் விஷயம் மட்டும் பிடிபடாது.

ஆளுக்கு வருஷத்தில் இத்தனை மணி நேரம் பயிற்சி என்று மேலிடம் எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்புவதுதான் சாரின் பிறவிப் பயன். தீபாவளி, பொங்கல் எல்லாம் போன பிறகு ஆள் பிடிக்கக் கிளம்புவார். மார்ச் 31-க்குள் பட்ஜெட் தீர்ந்தாக வேண்டுமே! அந்த வேகத்தில் வாட்ச்மேன் தலைமைப் பண்பு கற்றார். கேன்டீன் மாஸ்டர் ஈமெயில் எழுதும் நாகரிகம் கற்றார். ஈமெயில்தான் அவரிடம் இல்லை.

கம்பெனியின் கவலையோ வேறு. லைனில் பீஸ் பீஸாக ரிஜெக்ட் ஆகிறது. சூப்பர்வைசர் அம்மா ஒருநாள் கேட்டேவிட்டார்: “சார், ஸ்க்ரூ லூஸா நிக்குது. புதுப் பிள்ளைங்களுக்கு எவ்வளவு இறுக்கணும்னே தெரியல. அதுக்கு ஏதாவது கிளாஸ் இருக்குதா?”

சார் பட்டியலைப் புரட்டினார். “ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் இருக்குதும்மா. போட்டுடலாமா?”

1959இல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் பயிற்சியை எடைபோட நாலு படி வகுத்தார். வந்தவருக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டாரா, வேலையில் செய்கிறாரா, நிறுவனத்துக்குப் பலன் உண்டா? திட்டம் போடும்போது கடைசிப் படியில் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். எந்தக் குறை தீர வேண்டும், அதற்கு யார் எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்று பார்த்த பிறகுதான் வகுப்பு. சார் நாலு படியையும் கலர் ஸ்லைடில் காட்டுவார். அவர் குடியிருப்பது முதல் படியில். “சாப்பாடு நன்று, ஐஸ்கிரீம் உருகிவிட்டது” என்று படிவங்களில் எழுதியிருந்தார்கள். அடுத்த வகுப்பில் ஐஸ்கிரீம் கல்லாக இருந்தது. கருத்துக்கு மதிப்புக் கொடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பட்ஜெட் முடிகிற அதே மார்ச்சில்தான் ஊரில் வேதநாராயணர் கோயில் சூரிய பூஜையும் வரும். கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாம்பா பெயரைச் சூட்டிய ஊர் இது. மாலை வெயில் வாசல் வாசலாகக் கடந்து, முதல் நாள் பெருமாளின் பாதம், மறுநாள் நாபி, மூன்றாம் நாள் நெற்றி என்று ஏறும். கூட்டத்தில் சூப்பர்வைசர் அம்மாவைப் பார்த்ததும் சாருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“பார்த்தீங்களாம்மா? இதுதான் அலைன்மென்ட்! கம்பெனி கோல் எங்கேயோ, டிரெயினிங் அங்கேயே போய் விழணும்!”

“ஆமா சார். கட்டுறதுக்கு முந்தியே திசை பார்த்திருப்பாங்க, இல்ல?”

“பிரமாதமான பாயிண்ட்!” சார் அங்கேயே டைரியில் குறித்துக்கொண்டார். மறுநாளே அந்த அம்மாவின் பெயரை ஒரு முழுநாள் வகுப்பில் சேர்த்துவிட்டார்: ‘தயக்கமின்றிப் பேசுவது எப்படி?’