கொட்டையும் கோரைப்பல்லும்

பல்லுக்குப் பல் வாங்கிய காலம் மலையேறி, பல்லுக்குப் பணம் கேட்டுப் பிராது கொடுக்கும் நாகரிக யுகத்திலே, பணமும் பெயராத ஒரு விசித்திரம் ஜெர்மனியில் நிகழ்ந்தது. செர்ரிப்பழம் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றை ஆவலோடு கடித்த கனவான் ஒருவரின் கோரைப்பல், உள்ளே அஞ்ஞாதவாசம் புரிந்துகொண்டிருந்த கொட்டையில் மோதிச் சற்றே உடைந்துபோக, அவர் தொடுத்த நஷ்டஈட்டு வழக்கு படிப்படியாக ஏறி, கார்ல்ஸ்ரூஹே நகரத்துச் சமஷ்டி உச்ச நீதிமன்றத்தின் சந்நிதானத்தையே அடைந்துவிட்டது.

2009 மார்ச் 17 அன்று அந்த மகா பண்டிதர்கள், செர்ரியைச் சல்லடையிலிட்டு அழுத்தினால் மிஞ்சுவது பழமன்று, சாறே என்றும், ஒவ்வொரு பழத்தையும் தனித்தனியே சோதிக்கும்படி ரொட்டிக்கடைக்காரரை நிர்ப்பந்திப்பது நியாயமாகாதென்றும், கொட்டையுள்ள கனியின் பலகாரத்தில் எப்போதாவது கொட்டை தட்டுப்படும் என்பதை உண்பவர் எதிர்பார்த்தே தீரவேண்டுமென்றும் சாங்கோபாங்கமாக விளக்கி, பிராதைத் தள்ளுபடி செய்தார்கள். கண்ணாடித் துண்டாக இருந்திருந்தால் கதை வேறு. கொட்டையோ பழத்தின் பிறப்புரிமைக் குடிமகன். (அவ்வளவு நேரமும் அந்தப் பல்லின் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.)

ஸ்காட்லாந்தில் 1928-இல் ஓர் அம்மாள் அருந்திய இஞ்சிப் பானத்துப் புட்டியில் கிடந்ததாகச் சொல்லப்பட்ட நத்தையோ அதிர்ஷ்டசாலி: 1932-இல் லண்டன் பிரபுக்கள் சபை, பண்டம் செய்தவனுக்கு உண்பவரிடம் பொறுப்புண்டு என்று தீர்ப்பளித்து அதைச் சட்ட நூல்களில் சிரஞ்சீவியாக்கியது. அப்படியொரு நத்தை புட்டிக்குள் இருந்ததாக எந்த நீதிமன்றத்திலும் கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை.