முன்சூட்டு மாமா

மதுரையில் எஸ்.எஸ். காலனியோ, கே.கே. நகரோ, திருநகரோ, தெருவுக்கு ஒரு முன்சூட்டு மாமா நிச்சயம் உண்டு. 2020 ஊரடங்கில் பேத்தியின் பிறந்தநாளுக்குக் கேக் கிடைக்காத ரோஷத்தில், கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் ஓடிஜி வாங்கி வந்தவர் அவர். ரிட்டயர் ஆன பிறகு அதட்ட ஆளில்லாமல் தவித்தவருக்கு, ஓவன் வந்ததும் தெருவே ஆபீஸ் ஆகிவிட்டது.

மாமாவுக்குக் கேக் இரண்டாம்பட்சம். ஓவனை முன்கூட்டியே சூடேற்றுவதுதான் முக்கியம். முதல் நாளே எலெக்ட்ரீஷியனை வரவழைத்து 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டார். மிக்ஸி மாட்டுகிற பிளக்கில் 1500 வாட் ஓவனை மாட்டுகிறவர்களை அவர் மனுசக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சடங்கு தொடங்கும். குமிழை 180 டிகிரிக்குத் திருப்பி, மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டுவிட்டு, எதிரே ஸ்டூலில் உட்காருவார். சிவப்பு விளக்கை அவர் நம்புவதில்லை.

"அது கரண்ட் வருதுன்னுதான் சொல்லுது மாப்ள, சூடு ஏறிருச்சுன்னு சொல்லல. கம்பியப் பாரு. செவந்து கெடக்கா? தெர்மோஸ்டாட் கட் பண்ணுனதும் கறுத்துரும். அதான் நமக்குச் சிக்னல்."

அதையும் நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானி வைத்திருப்பார். குமிழ் 180 என்றால் அது 165 என்னும். இரண்டுக்கும் பஞ்சாயத்துப் பண்ணியே கால் மணி நேரம் ஓடிவிடும்.

கத்திரி வெயிலில் யாராவது வம்பிழுப்பார்கள்: "மாமா, நம்மூரு வெயிலுக்கு மொட்ட மாடியில வச்சாலே வெந்துரும்ல?"

"வெயிலு நாப்பது டிகிரிடா. மிச்சம் நூத்தி நாப்பத உங்கப்பனா தருவான்?"

அத்தைக்குக் கரண்ட் பில் கவலை. "வெறும் பெட்டிய எதுக்குங்க எரிக்கிறீங்க?"

"கால் மணி நேரம் முழுசா எரிஞ்சாலும் அரை யூனிட்டத் தொடாது. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு கவர்மெண்டே சும்மா குடுக்குதுல்ல?"

"அந்த நூறத்தான் உங்க ஏசி பத்து நாள்ல தின்னுருச்சே!"

மாமா சொல்லும் விஞ்ஞானத்தில் குறையே கிடையாது. ஈரம் பட்டதுமே பேக்கிங் பவுடர் வாயுவை விடத் தொடங்கிவிடும். நன்றாகக் காய்ந்த ஓவனுக்குள் போனால், குமிழிகள் விரியும்போதே சுற்றியுள்ள மாவும் முட்டையும் இறுகி, கேக் எழும்பி நிற்கும். ஆறிய ஓவனில் வைத்தால், சூடு ஏறுவதற்குள் காற்றில் பாதி போய்விடும். ஆனால் இதையெல்லாம் கலக்கிய மாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் விளக்குவார். கிண்ணத்தில் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருக்கும். புதிதாக வந்தவருக்கு வெப்பமானியைக் காட்ட ஓவன் கதவை வேறு திறப்பார். அரும்பாடுபட்டு ஏற்றிய சூடு அடுப்படிக்குப் போய்விடும்.

கடைசியில் கேக் வரும், தட்டையாக. அத்தை ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்பார்: "அடை நல்லாத்தான் வந்திருக்கு. சட்னி அரைக்கவா?"

உங்கள் தெரு மாமாவிடமும் தாராளமாகப் பாடம் கேளுங்கள். அவர் சொல்வதில் ஒரு பிழை இருக்காது. முதலில் ஓவனைப் போட்டுவிட்டு, அது காய்கிற நேரத்தில் மாவைக் கலக்குங்கள். கம்பி கறுத்ததும் டின்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துங்கள். சந்தேகம் எதுவானாலும் அதற்கப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.