கூலிங் பேப்பர் ஒட்டப் போற மருமவனுக்கு

வாரும் மருமவனே, இப்படி நிழலுக்கு வந்து உக்காரும். கட்கத்துல என்னவே இடுக்கியிருக்கீரு, கூலிங் பேப்பரா? ஆன்லைன்ல வாங்குனதா? கூடவே ஹீட் கன்னு, ஸ்க்வீஜி, கட்டர், எல்லாம் ஒரே டப்பாவுலயா? பேஷ்! ஒட்டத் தெரிஞ்சவனை மட்டும் அந்த டப்பாவுல வைக்காம விட்டுட்டான் பாரும்.

காரு வாங்கி மாசம் ஒண்ணு முடியல, அதுக்குள்ள கண்ணாடியை இருட்டாக்கிப் பாக்கணும்னு ஆசை. உள்ள யாரு இருக்காவன்னு வெளிய தெரியக்கூடாதாக்கும். நல்லது. உம்மைத் தேடி எத்தனை பேரு அலையுதான்னு எனக்குத் தெரியாது. கடன் குடுத்தவனா இருந்தா நம்பர் பிளேட்டை வச்சே பிடிச்சிருவான், அதை மட்டும் மனசுல வையும்.

மொதல்ல கறுப்பைப் பத்திப் பேசிருவோம், பொறவு சூட்டுக்கு வாரேன். 1989-ம் வருசத்து மத்திய மோட்டார் வாகன விதியில 100-வது விதின்னு ஒண்ணு இருக்கு. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் நூத்துக்கு 70 பங்கு வெளிச்சத்தை உள்ள விடணும். பக்கத்துக் கண்ணாடி 50 பங்கு விடணும். 2012 ஏப்ரல் 27-ல சுப்ரீம் கோர்ட்டு, எத்தனை சதவீதமா இருந்தாலும் ஃபிலிமே ஒட்டக்கூடாதுன்னு சொல்லிட்டு. அந்த வருசம் போலீஸ்காரவ ரோட்டுல நிப்பாட்டி உரிக்க வச்சாவ. உரிச்ச வேகத்துல பசை பாதி கண்ணாடியிலயே தங்கிப்போச்சு. பொறவு விதியைத் திருத்துனாவ. 2021 ஏப்ரல் 1-ல இருந்து, உள்பக்கம் பிளாஸ்டிக் ஃபிலிம் சேந்த பாதுகாப்புக் கண்ணாடியும் ஆகும்னு ஆச்சு. 2024 செப்டம்பர்ல கேரள ஹைகோர்ட்டு, அந்த 70, 50 கணக்குக்குள்ள இருந்தா அபராதம் போட முடியாதுன்னு தீர்ப்புச் சொல்லிச்சு. செங்கோட்டையைத் தாண்டுனா கேரளாதான், நான் இல்லேங்கல. ஆனா கயத்தாறு விலக்குல கையைக் காட்டி நிப்பாட்டுத ஏட்டையாகிட்ட, ஆரியங்காவுக்கு அந்தப் பக்கத்துத் தீர்ப்பை நின்னு விளக்கிச் சொல்ல உமக்குத் தைரியம் இருந்தா ஒட்டும்.

இன்னொரு கணக்கு, இதை வீடியோவுல யாரும் சொல்ல மாட்டான். மீட்டர் வச்சா ஃபிலிமை மட்டும் அளக்காது, கண்ணாடியும் ஃபிலிமும் சேத்துத்தான் அளக்கும். கம்பெனியில இருந்து வரும்போதே உம்ம கண்ணாடி லேசாப் பச்சையா இருக்குல்லா? அது 75 விடுதுன்னு வையும். அது மேல 70-ன்னு போட்ட ஃபிலிமை ஒட்டுனா, 75-ல 70 பங்கு, 52 சொச்சம். பக்கத்துக் கண்ணாடிக்குத் தப்பிச்சீரு. ‘50 வரைக்கும் ஆகும்லா’ன்னு 50 ஃபிலிமை ஒட்டுனீருன்னா மொத்தம் 37 சொச்சம்தான் மிஞ்சும், மாட்டுனீரு. பின்கண்ணாடியில 70 நிக்கணும்னா ஃபிலிம் 93-க்கு மேல வெளிச்சம் விடணும். அதை ஒட்டியிருக்குன்னு உம்ம பொண்டாட்டிக்கே தெரியாது. இன்னும் கல்யாணம் ஆகலையோ? அப்போ வரப்போறவளுக்குத் தெரியாது.

முகத்தை ஏன்வே தொங்கப் போடுதீரு? கறுப்பு வேற, குளிர்ச்சி வேற. வெயிலோட சக்தியில பாதிக்குக் கிட்ட கண்ணுக்குத் தெரியாத கதிரு. சாயம் ஏத்துன மலிவு ஃபிலிம் பாக்கக் கறுப்பா இருக்கும். தானே வெயிலைக் குடிச்சுச் சூடாகும். நாளாவட்டத்துல ஊதா நிறத்துக்குப் போயிரும். செராமிக் ஃபிலிம் வெளுப்பா இருந்துக்கிட்டே அந்தக் கண்ணுக்குத் தெரியாத சூட்டை மறிக்கும், விலைதான் கூட. உலோகம் பூசுனதும் மறிக்கும், ஆனா முன்கண்ணாடியில ஒட்டுனா ஃபாஸ்டேக் சிக்னலையும் சேத்து மறிக்கப் பாக்கும். நாங்குநேரி டோல்ல பின்னாடி நிக்குற லாரிக்காரன் ஆரனை அழுத்தும்போது உம்ம குளிர்ச்சி எங்க போச்சுன்னு தேடும்.

சரி, வேலைக்கு வருவோம். பக்கத்துக் கண்ணாடி ஏறக்குறையத் தட்டை. அதுல எல்லாரும் கெட்டிக்காரன்தான். ஆளைச் சோதிக்குறது பின்கண்ணாடி. அது நெடுக்கயும் வளைஞ்சிருக்கும், குறுக்கயும் வளைஞ்சிருக்கும். ஃபிலிமோ தட்டை. விரிச்சீருன்னா நடுவுல படியும், மேல் ஓரத்துலயும் கீழ் ஓரத்துலயும் மிச்சம் சேந்து சேலைக் கொசுவம் மாதிரி வரிசையா எந்திரிச்சு நிக்கும். வீடியோவுல அது ரெண்டு நிமிசத்துல படுத்திரும். நடுவுல உள்ளதை வெட்டி எடுத்துட்டாம்லா!

அந்தக் கொசுவத்தை, வண்டிக்குள்ள போய் ஒட்டும்போது அமுக்கிக்கிடலாம்னு மட்டும் நினைக்காதேயும். பசை கண்ணாடியைத் தொட்டுட்டா பொறவு ஒண்ணும் ஓடாது. சுருக்குற வேலை மொத்தமும் வெளிய, கண்ணாடியோட வெளிப்பக்கத்து மேல, பசையை மூடியிருக்குற மெல்லிசுத் தாளை உரிக்கதுக்கு முன்னாலயே முடிஞ்சிரணும். வண்டிக்குள்ள போகையில ஃபிலிம் கண்ணாடியோட உருவத்தை ஏற்கெனவே எடுத்திருக்கணும். இது ஒண்ணு மண்டையில ஏறிட்டா மிச்சமெல்லாம் கைப்பழக்கம்.

எந்தத் திசையில விரிக்கதுன்னு ஒரு ரகசியம் இருக்கு. இந்த ஃபிலிம் பாலியெஸ்டர். ஆலையில நீளவாக்குல இழுத்து ஓட விட்டுச் செஞ்சது. சூடு பட்டா இழுபட்ட அந்தத் திசையிலதான் திரும்பச் சுருங்கும். அகலத்துல சுருங்குறது பேருக்குத்தான். அதனால ரோலைக் குறுக்க, இடது விளக்குல இருந்து வலது விளக்குப் பக்கமா விரியும். கொசுவம் நெட்டுக்க நிக்கும், சூடு காட்டுனா படுக்கும். துண்டு மிச்சமாகுதேன்னு திருப்பிப் போட்டீரோ, பொழுது அடைய சூடு காட்டும், நின்னது நின்னபடி நிக்கும். ஐம்பது ரூவா ஃபிலிமை மிச்சம் பிடிக்கப் போயி முழுத்துண்டையும் தூரப் போட்டவனை நான் பாத்திருக்கேன். அவன் இப்ப ரியல் எஸ்டேட் பாக்கான், நல்லாத்தான் இருக்கான்.

விரிக்குமுன்ன வெளிக்கண்ணாடியைச் சுத்தமாக் கழுவித் தொடைச்சுக் காய விடும். முகத்துக்குப் போடுத பவுடரைக் கொஞ்சம் துணியில தட்டிக் கண்ணாடி பூரா லேசாத் தடவும். உம்ம மூஞ்சிக்குப் போடுத அளவுல பாதி போதும். பவுடர் மேல ஃபிலிம் வழுக்கி ஓடும், சூடு பட்டதும் தடையில்லாமச் சுருங்கும். மெல்லிசுத் தாள் உம்மைப் பாத்து மேல இருக்கணும், ஃபிலிம் கண்ணாடியைப் பாத்துக் கீழ. ஓரத்துல ரெண்டு விரக்கடை கூட விட்டு வெட்டும். பொறவு நடுவுல குறுக்க ஒரு ஈரக்கோடு, ரெண்டு பக்கத்து ஓரத்துலயும் நெட்டுக்க ஒரு ஈரக்கோடு. அந்த ஈரத்துல ஃபிலிம் பிடிச்சு நிக்கும். மிச்சம் பூராவும் மேல் பாதியிலயும் கீழ் பாதியிலயும் கொசுவமா ஒதுங்கும். ஒரே இடத்துல பெருசா ஒண்ணு நின்னா, அதைக் கையால பிரிச்சுச் சின்னச் சின்னதா நாலாக்கும். பெருசை அப்படியே சுட்டா சுருங்காது, மடங்கும். மடங்குன கோடு காரு இருக்குற வரைக்கும் இருக்கும்.

இப்ப ஹீட் கன்னை எடும். சாதாரண கன்னுல 300, 500-ன்னு ரெண்டு படி இருக்கும். கை எப்படியும் 500-க்குத்தான் போகும், வயசு அப்படி. 300-லயே நில்லும். ஒரு சாண் தூரம் வச்சு, கொசுவத்தோட அடியில இருந்து ஓரத்தைப் பாத்து ஆட்டிக்கிட்டே போவும். ஒரு இடத்துல நிப்பாட்டாதேயும். ஃபிலிம் லேசா நெளிஞ்சு, இறுகி, பளபளப்பு மாறி உக்காரப் போற நேரம் கண்ணுக்குத் தெரியும். அந்த நொடியில கன்னை விலக்கி, கெட்டி அட்டையால நடுவுல இருந்து வெளிப்பக்கமா ஒரு தேய் தேயும். படுத்துச்சா? அடுத்ததுக்குப் போவும். படுக்கலன்னா இன்னொரு தரம் காட்டும், அவசரப்பட்டு அமுக்காதேயும். வெள்ளையாப் பூத்தாலோ ஓரம் பொசுங்கிச் சுருண்டாலோ அந்தத் துண்டு போச்சு, அழாம அடுத்ததை வெட்டும். சூடா இருக்குற கண்ணாடியில பச்சைத் தண்ணியை அடிக்காதேயும். பின்கண்ணாடி உடைஞ்சா கீறல் விடாது, மொத்தமாப் பொடிப்பொடியாக் கொட்டும்.

எல்லாம் படுத்த பொறவு ஓரத்தை வெட்டும், புது பிளேடு போட்டு. கண்ணாடி ஓரத்துல கறுப்புப் புள்ளி வரிசை இருக்குல்லா, அந்தக் கறுப்புக்குள்ள முடியுத மாதிரி வெட்டுனா வெளிச்சம் கசியாது. புள்ளி மேல பசை சரியாப் பிடிக்காம வெள்ளையாத் தெரியும். அது யாரு ஒட்டுனாலும் அப்படித்தான், உம்ம குத்தம் இல்ல.

உள்ள ஒட்டுறது சுருக்கமான கதை. காத்து அடிக்காத இடம், தரையில தண்ணி தெளிச்சுத் தூசியை அடக்கும். ஃபேன் போடாதேயும். வேர்த்தா வேர்க்கட்டும். ஒரு பாட்டில் தண்ணியில குழந்தைக்குப் போடுத ஷாம்பு நாலு சொட்டு. ஸ்பீக்கர் மேல துண்டை விரியும். உள்கண்ணாடியை நனையும், தாளை உரிக்க உரிக்கப் பசையையும் நனையும். நனையாத பசை தூசியை எங்க இருந்தாவது கூப்பிட்டுக்கிடும். கண்ணாடியில வச்சு நகத்தி எடத்துல நிறுத்தி, நடுவுல இருந்து ஓரத்துக்குத் தண்ணியைத் தள்ளும். பனி போக்குற சூட்டுக் கம்பி குறுக்க ஓடுதுல்லா, அந்தப் போக்குலயே தேயும். அங்க பிளேடை வச்சு ஒரு கம்பியை அறுத்தீருன்னா, மழை நாள்ல அந்த வரி மட்டும் மூடாப்பாவே நிக்கும்.

கதவுக் கண்ணாடிக்கு மேல் விளிம்புல ஒரு நூல் இடம் விட்டு ஒட்டும், ரப்பருக்குள்ள போகையில ஃபிலிம் உரசாது. ஒட்டுன பொறவு நாலு நாளைக்குக் கண்ணாடியை இறக்காதேயும். மழைக்காலம்னா ஒரு வாரம். டோல்ல ஃபாஸ்டேக் வேலை செய்யலன்னா கதவைத் திறந்துதான் பேசணும். உள்ள கொஞ்சம் புகைமூட்டமாவும் தண்ணிக் கொப்புளமாவும் தெரியும். குத்தாதேயும், நகத்தால நோண்டாதேயும். ரெண்டு மூணு வாரம் வெயில்ல நின்னா தானே காஞ்சு தெளியும். நம்ம ஊர்ல வெயிலுக்குப் பஞ்சமா? தண்ணி காஞ்ச பொறவும் கொப்புளமா நிக்குறது தூசி. அதை முடியா, மண்ணான்னு ஆராய்ச்சி பண்ணாதேயும், உம்ம வீட்டு முற்றத்து மண்ணுதான். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் வேண்டாம், சாயத்தையும் பசையையும் அது தின்னுரும்.

உம்ம கார்லயே முதல் கையை வைக்காதேயும். பழைய இரும்புக் கடையில பின்கண்ணாடி ஒண்ணு கிடைக்கும், அதை வாங்கித் திண்ணையில சாத்தி வச்சு நாலு துண்டு வீணாக்கும். முன்கண்ணாடிப் பக்கமே போகாதேயும். வாங்குன ஃபிலிமுக்குப் பில்லும், அது எவ்வளவு வெளிச்சம் விடுதுங்குற சான்றும் கேட்டு வாங்கி டேஷ்போர்டுல வையும். ஏட்டையா நிப்பாட்டுனா அதை எடுத்துக் காட்டும். யாரு யோசனை சொன்னான்னு கேட்டா மட்டும் என் பேரைச் சொல்லாதேயும்.