மூன்றாம் போர்டு வள்ளல்

எல்லா லீக் அணியிலும் இவர் ஒருவர் இருப்பார். எங்கள் அணியில் மூன்றாம் போர்டு. வங்கியில் முப்பது வருடம், ஜாமீன் இல்லாமல் ஒரு கடன் கோப்பையும் நகர்த்தாதவர். ஞாயிறு காலை செஸ் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும், இரண்டாவது மூவிலேயே ஒரு சிப்பாயைச் சும்மா கொடுத்துவிடுவார். எஃப்4. கிங்ஸ் கேம்பிட்.

கொடுத்ததும் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மற்ற போர்டுகளைப் பார்வையிடுவார். கோட்டை கட்டிக்கொண்டிருக்கும் எங்களைப் பார்த்து ஓர் இரக்கப் புன்னகை.

"சார், டிரா வந்தா எடுத்துக்குங்க, அது போதும்" என்று கேப்டன் கெஞ்சியிருந்தார். "டிராவுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தேன்?"

1851-இல் லண்டனில் ஆண்டர்சன் இரண்டு யானை, ஒரு பிஷப், ராணி எல்லாவற்றையும் இழந்து மேட் கொடுத்த கதை இவருக்குத் தலைகீழ்ப் பாடம். 1960-இல் ஸ்பாஸ்கி இதே கேம்பிட்டில் ஃபிஷரை வீழ்த்தியதையும் சொல்வார். மறுவருடமே ஃபிஷர் இதற்கு மறுப்புக் கட்டுரை எழுதியதை நாம்தான் சொல்ல வேண்டும். "அப்புறம் அவரே இதை ஆடி ஜெயிச்சாரே!" என்பார். அதுவும் நிஜம். அதனால்தான் இவரிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை.

அன்று எதிரே ஒன்பது வயதுப் பெண். கால் தரைக்கு எட்டவில்லை. சிப்பாயை வெட்டினாள். பிறகு டி6, எச்6. ஃபிஷர் எழுதிவைத்த அதே வரிசை. 90 நிமிட ஆட்டம், மூவுக்கு 30 விநாடி கூடும்; அவள் ஐந்து விநாடியில் ஆடியதால் அவளுடைய கடிகாரம் ஏறிக்கொண்டே போனது. இவர் பிஷப்பைக் கொடுத்தார். பிறந்தநாள் சாக்லேட் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள். இவர் ஒரு யானையையும் நீட்டினார். அதையும் வாங்கிக்கொண்டு, கூரையிலிருந்த பல்லியை வேடிக்கை பார்த்தாள்.

இருபத்தாறாவது மூவில் கைகுலுக்கல். அணி ஒன்றரைக்கு இரண்டரை என்று தோற்றது.

வெளியே படிக்கட்டில் காய்களை அடுக்கி ஆட்டத்தை அலசினார்கள். "அங்கிள், இங்க உங்க குதிரை என் ராணியை வெட்டியிருந்தா நான் ரிசைன் பண்ணியிருப்பேன்."

எட்டிப் பார்த்தோம். ராணி துணையில்லாமல் நின்றிருந்தது. கேப்டன் தலையில் கைவைத்துப் படியிலேயே உட்கார்ந்தார்.

"பாத்தேம்மா" என்றார் இவர். "ஆனா அது சும்மா இல்ல கிடைக்குது?"

ஸ்கோர் தாளை மடிக்கும் முன், எஃப்4-க்குப் பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறி போட்டுக்கொண்டார்.