கோட்டிங் சார்

அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஒருவர் தன் காரின் பானெட்டில் கன்னத்தை ஒட்டவைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் பதற வேண்டாம். மயக்கம் போட்டு விழவில்லை. செல்போன் டார்ச்சை அடித்து, பெயின்ட்டில் மெல்லிய வட்டக் கீறல் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று தேடுகிறார். வாட்ச்மேன் முதல் பால்காரர் வரை அவருக்கு வைத்திருக்கும் பெயர் கோட்டிங் சார். சென்னையில் இப்படி ஒருவர் இல்லாத குடியிருப்பு இருந்தால், அங்கே இன்னும் கட்டட வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

கார் கறுப்பு. "வேண்டாம், தூசு தும்பு எல்லாம் அப்படியே தெரியும், வெள்ளை எடுங்க" என்று ஊரே சொன்னது. கேட்கவில்லை. வெள்ளைக் காரில் கீறல் லேசில் தெரியாது. தெரியாவிட்டால் இவருக்கு என்ன வேலை? மூத்த பெண்ணுக்கு இரண்டே ஜாதகத்தில் வரனை முடித்த மனிதர், வண்டி வந்து வருஷம் ஒன்றாகியும் பெயின்ட்டுக்கு மேல் என்ன பூசுவது என்று முடிவெடுக்கவில்லை.

வினை ஷோரூமிலேயே ஆரம்பித்தது. வண்டியோடு சேர்த்து டெஃப்லான் கோட்டிங்கும் போட்டுத் தருவதாகச் சொன்னார் விற்பனை இளைஞர். சார் அவரை உட்காரவைத்தார். "தம்பி, டெஃப்லானை 1938லயே கண்டுபிடிச்சுட்டாங்க. எதுவும் ஒட்டாதுங்கிறதுதான் அதோட பெருமையே. நான்ஸ்டிக் தவாவுல அதைப் பிடிக்கவைக்க முந்நூறு டிகிரிக்கு மேல சுடணும். என் காரை நீங்க எந்த அடுப்புல வைக்கப்போறீங்க?" இளைஞர் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் காபிக்குச் சொன்னார். கேள்விக்குப் பதில் வரவில்லை; காபி நன்றாக இருந்தது என்று சாரே ஒப்புக்கொள்கிறார்.

அடுத்து மெழுகு. பிரேசிலில் கார்னௌபா என்றொரு பனை. அதன் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு காருக்கு நல்ல மினுமினுப்புத் தரும். ஆனால் ஒன்றிரண்டு மாதம்தான் நிற்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் பூசினால் மார்கழியில் மறுபடி உட்கார்ந்து தேய்க்க வேண்டும். "நம்ம ஊர்லயும்தான் இத்தனை பனை நிக்குது, என்ன பிரயோஜனம்?" என்று என்னிடம் வருத்தப்பட்டார். நுங்கும் பதநீரும் கருப்பட்டியும் அவர் கணக்கில் சேராது. பாலிமர் சீலன்ட் நாலைந்து மாதம் தாங்கும், விலையும் கையைக் கடிக்காது, வீட்டிலேயே பூசிக்கொள்ளலாம். அதனாலேயே அவருக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு சுலபத்தில் முடிகிற காரியத்தை எப்படி நம்புவது?

செராமிக்கில்தான் மனிதர் விழுந்தார். சிலிக்கா சார்ந்த திரவம். பெயின்ட்டோடு பிணைந்து இறுகிவிடும். தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான். விலை மட்டும் பல ஆயிரம். புட்டியில் 9எச் என்று போட்டிருந்தது. வைரத்துக்கு அடுத்த கெட்டி என்று கடைக்காரர் அடித்துவிட்டார். அந்த 9எச் பென்சில் கணக்கு. பூச்சின் மேல் ஒவ்வொரு பென்சிலாக அழுத்தி இழுத்து, எது கீறுகிறது என்று பார்க்கும் சோதனை அது. வைரத்தை அளக்கும் மோஸ் அளவுகோல் வேறு. இதை நான் சொன்னதும் சாரின் முகம் வாடியது. மறுநாள் சாயங்காலம் பேரனின் பென்சில் டப்பாவோடு பார்க்கிங்கில் நின்றார். என் பைக் பக்கத்தில்.

அப்புறம் ஐந்து வருஷ வாரண்டி. நிபந்தனைச் சீட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். வருஷா வருஷம் கடைக்குக் கொண்டுவந்து காசு கட்டி சர்வீஸ் செய்ய வேண்டும். காக்காய் எச்சத்துக்கும் தண்ணீர்க் கறைக்கும் பொறுப்பில்லை. "அப்ப எதுக்குத்தான் வாரண்டி?" "பூச்சுக்கு சார்."

என்னைக் கேட்டால் பெயின்ட்டுக்கு எமன் துணிதான். எங்கள் குடியிருப்பில் ஒரே வாளி, ஒரே துணியில் அத்தனை காரும் துடைபடுகிறது. "தம்பி, இது எந்த வண்டி துடைச்ச துணி?" என்று சார் கேட்டதற்கு, "புதுசு சார், போன பொங்கலுக்கு எடுத்தது" என்று பதில் வந்தது. தண்ணீரோ போர்வெல். சார் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்தார். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், எங்கள் கிணறு அதை எப்போதோ தாண்டிவிட்டது. வெயிலில் காய்ந்தால் வட்ட வட்டமாக உப்புத் திட்டு. நிழலில் நிறுத்தி, சோப்புக்கு ஒரு வாளி, அலச ஒரு வாளி வைத்துக் கழுவி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தாலே பாதிப் பாதுகாப்பு வந்துவிடும். சாரிடம் சொல்லியும் பார்த்தேன். "அதெல்லாம் சரி, ஆனா எதைப் பூசுறது?" என்றார். வாளியில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது, பாவம்.

ஆயுத பூஜையன்று வேறொரு யுத்தம். வீட்டம்மா சந்தனக் கிண்ணத்தோடு இறங்கி வந்தார். "காய்ஞ்சா கறை புடிக்கும், தேய்ச்சா கீறும்" என்று சார் பானெட்டை மறித்து நின்றார். "புது வண்டிக்குப் பொட்டு வைக்காம விடுறதா?" கடைசியில் பொட்டு கண்ணாடியில் விழுந்தது. காரின் கண்ணாடியில் அல்ல, சாரின் மூக்குக் கண்ணாடியில் என்று வாட்ச்மேன் சொல்கிறார், நான் நம்பவில்லை.

இப்போது பேச்செல்லாம் பிபிஎஃப். பாலியூரித்தேன் படலம், 200 மைக்ரான் வரை தடிமன். நல்ல சரக்காக இருந்தால் சின்னக் கீறல் சூடு பட்டதும் தானே மறைந்துவிடும். வண்டி முழுக்க ஒட்டினால் செலவு லட்சத்தைத் தொடும். தொகையைக் கேட்டு வீட்டம்மா நாற்காலியைத் தேடினார். சார் அதற்குள் அடுத்த கவலைக்குப் போய்விட்டார்: அந்தப் படலத்தை யார் காப்பது? அதன் மேல் செராமிக் பூசலாமாம், பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல் கார் கவர். கவருக்குள் தூசு புகுந்தால் கவரே கீறும் என்பதைத்தான் அவரால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

போன வாரம் ஏ பிளாக்கில் ஒருவர் புதுக் கார் எடுத்தார். காலையில் அவர், "சார், ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டதுதான் தாமதம், சார் பையிலிருந்து பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியை எடுத்துக் கதவில் வைத்துவிட்டார். "நூத்திப்பத்து மைக்ரான். பரவாயில்லை. சொல்லுங்க, மெழுகா, செராமிக்கா?"

"இல்ல சார், நீங்க கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா ரிவர்ஸ் எடுத்துடுவேன். ஆபீசுக்கு லேட்டாச்சு."

சார் தள்ளி நின்றார். வண்டி கேட்டைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். "பம்பரை அளக்கவே விடலை, பாத்தீங்களா?"

"பம்பர் பிளாஸ்டிக் சார். இந்தக் கருவிக்கு இரும்புதான் தெரியும்."

"அதுக்குத் தனியா ஒரு மெஷின் இருக்கு" என்றார் சார். "ஆர்டர் போட்டிருக்கேன்."